மாண்டான் என்ற காதலன் மீண்டான்

நாம் படிக்க வந்திருக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில், கேப்பிட்டல் என்ற கொட்டகையில், 1933ஆம் ஆண்டில் ஒரு பேசாப்படம் திரையிடப்பட்டது. அதன் பெயர் 'மார்த்தாண்ட வர்மா'. இயக்கியவர் பி. வி. ராவ்; தயாரித்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூரில் இருந்தது. தமிழகத்தோடு இணைந்தது 1956இல்தான். ஆகவே இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவலே படத்திற்கு மூலம். இளவரசர் மார்த்தாண்ட வர்மருக்கும் பத்மநாபன் தம்பிக்கும் 1729ஐ ஒட்டி நடக்கும் அரியணைப் போராட்டத்தில் ஒரு காதல் சிக்குகிறது. பஞ்சவன்காட்டில் வெட்டுண்ட அனந்தபத்மநாபன் மாண்டான் என்றே ஊரார் நம்புகிறார்கள். அவன் காதலி பாறுக்குட்டி மட்டும் நம்பவில்லை. அவளை அடையத் தம்பி துடிக்கிறான். காதலனோ உயிர் பிழைத்து, பித்தன் வேடத்தில் இளவரசரைக் காத்துத் திரிகிறான்! குரலில்லாத திரையில் இந்தத் துயரை முகமும் கையுமே சொல்லவேண்டும். மிச்சத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டைகள் சொல்லின.

படத்தின் விதியும் காதலன் விதியைப் போலவே ஆயிற்று. நாவலின் உரிமை கமலாலயா புத்தகக் கடையிடம் இருந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், படச்சுருள் பறிமுதலாயிற்று. சுந்தர்ராஜுக்கு அது பேரிழப்பு. ஊரும் படத்தை மறந்தது.

இங்கே வேதியியல் மாணவன் ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்நாளைய கொட்டகைப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. போரில் வெடிமருந்தாகும் துப்பாக்கிப் பஞ்சுக்கு இது நெருங்கிய உறவு. தீப்பற்றினால் தன்னுள் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே எரியும், நீரும் அடக்காது. சும்மா வைத்தாலும் மெல்லச் சிதையும். அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு கூடி அமிலமாகிச் சிதைவை விரைவுபடுத்தும். நம்மூர்ப் புழுக்கத்தைச் சொல்லவேண்டுமா?

தமிழகத்தின் முதல் பேசாப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்றில்லை. ஜே. சி. டேனியலின் 'விகதகுமார'னும் இல்லை. ஆனால் 'மார்த்தாண்ட வர்மா' 1974இல் அதே புத்தகக் கடையிலிருந்து புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்குச் சென்றது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கலாம். சிறைப்பட்டதால் பிழைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழக்கு வந்து ஒரு படத்தைக் காத்தது தற்செயல். தற்செயலை நம்பி இருக்கலாமா? விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய சுருளோ, பாட்டுப் புத்தகமோ, கொட்டகை நோட்டீஸோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். தமிழ்த்திரையின் பாறுக்குட்டியாக நாம் ஒவ்வொருவரும் காத்திருக்க வேண்டும்.