பட்டாசு மண்ணில் படிப்புக்கு ஓர் அறை

பிளஸ் 2 பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தமிழகத்தின் முதலிடத்தில் இருந்த மாவட்டம் விருதுநகர். 2018ஆம் ஆண்டிலும் 97.05 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் அதுவே முதலில் நின்றது. அதே 2018இல், கல்வி, நலவாழ்வு, வேளாண்மை, அடிப்படைக் கட்டமைப்பு ஆகியவற்றில் தனிக்கவனம் வேண்டிய மாவட்டங்களை ஒன்றிய அரசு நாடெங்கும் பட்டியலிட்டபோது, தமிழகத்திலிருந்து இராமநாதபுரத்தோடு இடம்பெற்ற மற்றொரு மாவட்டமும் விருதுநகரே. முரண்போலத் தோன்றும் இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டின் வறுமையை ஈடுசெய்யும் பொறுப்பை, காலையும் மாலையும் நடத்தும் சிறப்பு வகுப்புகளின் வழியே, பள்ளிகள் பெருமளவு ஏற்றுக்கொண்டிருப்பது விளங்கும். சிறப்பு வகுப்பு மாணவருக்கு ஆசிரியரைத் தருவதோடு, வேறு வேலையோ பேச்சோ குறுக்கிடாத ஓர் இருக்கையையும் வெளிச்சத்தையும் தருகிறது. இந்த இரண்டாவது கொடையின் மதிப்பு இன்னும் சரியாக உணரப்படவில்லை.

சீசனும் தேர்வும்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்கள் ஆலைச் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலைகள் கூலிக்கு வீடுகளைத் தேடி வருகின்றன. அவ்வீடுகள் பலவற்றில் சமையல், தூக்கம், தொலைக்காட்சி, கூலி வேலை, வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே அறையில் நடந்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தை எட்டும் செப்டம்பரில்தான் காலாண்டுத் தேர்வு வருகிறது. பட்டாசு ஓய்ந்து காலண்டர், டைரி வேலை சூடுபிடித்திருக்கும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கலையொட்டி ஒலிபெருக்கிகள் முழங்கத் தொடங்கும் பருவத்தில் பொதுத்தேர்வு நடக்கிறது.

இத்தகைய வேலைகளிலிருந்து குழந்தைகளைக் காக்கக் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளரை மையமாகக் கொண்ட எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2016இல் திருத்தப்பட்ட சட்டமோ, பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்குச் சில விலக்குகளை வைத்தபோதும், வெடிபொருள் சார்ந்த வேலையில் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் அமர்த்தலாகாது என்றது. இவை குழந்தையின் கையை வேலையிலிருந்து விடுவித்தன. வேலை நடக்கும் அறைக்குள்ளேயே அமர்ந்து படிக்க வேண்டிய நிலையிலிருந்து அக்குழந்தையை இன்னும் எவரும் விடுவிக்கவில்லை.

கவனம் எப்படிச் சிதறுகிறது?

படித்த வரியின் பொருளை அடுத்த வரி வரும்வரை மனத்தில் ஏந்தி நிற்கும் திறனை உளவியலாளர் 'செயல்நினைவு' என்பர். ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் விளக்கிய இந்த நினைவின் கொள்ளளவு மிகச் சிறிது. அருகில் பிறர் பேசும் பேச்சு, நாம் கேட்க விரும்பாதபோதும், அதற்குள் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதைப் பின்வந்த சோதனைகள் காட்டின. ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆராய்ந்து எழுதிய இந்நிலையைக் 'கவன எச்சம்' எனலாம். கணக்கின் நடுவே எழுந்துபோய்ப் பசை எடுத்துக் கொடுத்துவிட்டு வரும் மாணவி, இழந்த இரண்டு நிமிடங்களோடு, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கும் நேரத்தையும் இழக்கிறாள். செல்போன் மேசைமீது சும்மா கிடந்தாலே சிந்தனைத் திறன் குறைவதாக அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த சோதனைகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை என்றாலும், ஒலித்து அழைக்கும் செல்போன் கவனத்தைக் கலைக்கும் என்பதில் ஐயமில்லை.

இடம் மாறினால் பயன் மாறும் என்பதற்கு நியூயார்க் நகரப் பள்ளி ஒன்று சிறந்த சான்று. உயர்பாதையில் ஓடிய ரயிலின் பக்கமாக இருந்த வகுப்பறைகளில் படித்த குழந்தைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை ஆர்லின் பிரான்சாஃப்டும் அவருடன் ஆய்ந்தவரும் 1975இல் வெளியிட்டனர். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் பொருத்தப்பட்டபின் அந்த வேறுபாடு மறைந்தது. மாறியது குழந்தைகளின் அறிவோ உழைப்போ அன்று, அறை மட்டுமே.

ஆலை கற்பிக்கும் பாடம்

கவனம் என்பது தனிமனிதரின் குணத்தை மட்டும் சார்ந்ததன்று, அது அறையின் அமைப்பையும் சார்ந்தது என்ற உண்மையைப் பட்டாசுத் தொழில் நெடுங்காலமாக அறியும். உற்பத்தி அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது, அறைகளுக்கிடையே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும், அனுமதித்த அளவுக்கு மேல் வெடிமருந்து இருக்கலாகாது, செல்போன் உள்ளே வரலாகாது என்பன அத்தொழிலின் பாதுகாப்பு ஒழுங்குகள். தொழிலாளி விழிப்பாக இருக்கிறாரா என்பதோடு நின்றுவிடாமல், அவர் விழிப்பாக இருக்க அந்த அறை இடம்தருகிறதா என்றும் இவ்வொழுங்குகள் கேட்கின்றன. அவை மீறப்பட்டபோதெல்லாம் இம்மண் உயிர்களைப் பலிகொடுத்திருக்கிறது. மருந்துக்கு அளந்து கொடுக்கும் இடத்தை மாணவருக்கும் அளந்து கொடுப்பது இம்மாவட்டத்துக்குப் புதிய சிந்தனையாக இருக்க முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இது அரசுத் திட்டமாகவே நடக்கிறது. கேரளத்தில் பட்டியல் இன மாணவர் வீடுகளில் 120 சதுர அடியில் படிப்பறை கட்ட 2 லட்சம் ரூபாய் வழங்கும் 'படனமுறி' திட்டம் செயல்படுகிறது. தமிழகத்தில் ஊரகக் குடிசைகளுக்கு மாற்றாக 2024இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் வீடு, சமையலறையும் சேர்ந்து 360 சதுர அடி. அதில் குழந்தை படிக்கும் மூலை ஒன்றை வரைபடத்திலேயே குறிப்பது பெரிய செலவைக் கோராது.

வீடுகள் விரியும்வரை பொது இடங்களே துணை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. ஆகவே வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்தின் ஒரு நாற்காலிக்கு உரிமையுடையது. காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்புடையது. எனினும் வெம்பக்கோட்டைச் சிற்றூர் மாணவி மாலையில் நடந்து சென்று அமரக்கூடிய தொலைவில் அது இல்லை. அவளுக்கு வேண்டியது தன் தெருவுக்கு அருகே, விளக்கும் மின்விசிறியும் கழிப்பறையும் பொறுப்பாளர் ஒருவரும் உள்ள ஓர் எளிய அறை. மாலை நேரத்தில் தெருவுக்குத் தெரு பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கவைக்கத் தன்னார்வலரால் முடியும் என்பதை 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' முன்னரே மெய்ப்பித்துள்ளது.

ஆதலின் மாவட்ட நிர்வாகமும் நூலகத் துறையும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் கைகோத்து, சீசன் சூடுபிடிக்கும் ஆகஸ்டு முதலாவது, ஊருக்கு ஒரு வகுப்பறையையோ கிளை நூலகத்தையோ இரவு 9 மணிவரை திறந்து வைக்க வேண்டும். பெற்றோரும் மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து, செல்போனை வேறிடத்தில் வைத்து, அந்நேரத்தில் பிள்ளையை எந்த வேலைக்கும் அழைக்காதிருக்க வேண்டும். வீடுதோறும் ஒருபிடி அரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மரபுடைய விருதுநகருக்கு, ஒரு மணி நேர அமைதியைச் சேர்த்துக் கொடுப்பது எட்டாத செயலன்று. அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குக.