மறைந்தவரின் வரிக் கணக்கும் வாரிசுகளின் பொறுப்பும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் அமைந்துள்ளது சாந்தன்பாறை. உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் ஏலத்தோட்டங்கள் பரவியுள்ளன. தோட்டம் கேரளத்திலும், வீடும் வங்கிக் கணக்கும் போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ உள்ள தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் பல. இத்தகைய குடும்பத்தின் தலைவர் காலமானால், சொத்துடன் அவரது வரிக் கணக்கும் வாரிசுகளின் கைக்கு வருகிறது. அதனை முறையாகத் தீர்ப்பதற்குக் கணக்காயர் ஒருவரின் துணை தேவைப்படுவதுண்டு.

நீங்கிய வரியும் நீங்காத வரியும்

இறந்தவரின் சொத்துக்கே வரி விதிக்கும் முறை இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்தது. 1953ஆம் ஆண்டின் சொத்துத் தீர்வைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டத்தில் அதன் மிக உயர்ந்த விகிதம் 85 விழுக்காடாக இருந்தது. எனினும் வசூலான தொகை சிறிது. நிர்வாகச் செலவோ மிகுதி. ஆகவே, 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு இத்தீர்வை நீக்கப்பட்டது. மரபுரிமையாகக் கிடைக்கும் சொத்து பெறுபவரின் வருமானமாகவும் கருதப்படுவதில்லை.

இதனால் வரிக் கடமையே இல்லை என்று எண்ணுதல் தவறு. ஏப்ரல் 1 முதல் மரண நாள் வரை மறைந்தவர் ஈட்டிய வருமானத்துக்கு, அவர் பெயரிலேயே சட்டமுறை வாரிசு கணக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். அதற்குப் பிந்திய வட்டியும் வாடகையும் வாரிசுகளின் வருமானமாகும். உயில் எழுதப்பட்டிருப்பின், சொத்து பிரித்தளிக்கப்படும் வரை அதனை நிறைவேற்றுபவர் தனிக் கணக்குக் காட்ட வேண்டும்.

வருமான வரிச் சட்டம் வாரிசுகளுக்கு ஒரு பாதுகாப்பு அளிக்கிறது. மறைந்தவரின் வரி நிலுவைக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அளவுக்கே வாரிசு பொறுப்பாவார். ஆனால், நிலுவை தீராத நிலையில் அச்சொத்தை விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, பிறருக்குக் கொடுத்துவிட்டாலோ, அச்சொத்தின் மதிப்பு வரை அவரே சொந்தப் பொறுப்பு ஏற்க நேரிடும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இதனை வகுத்தது. பாகப்பிரிவினைக்கு முன்னரே கணக்கைச் சரிபார்ப்பது இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

தோட்ட வருமானம்

விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. பறித்த ஏலக்காயைச் சந்தைக்கு ஏற்றவாறு உலர்த்துவது விவசாயத் தொழிலின் பகுதியே. தேயிலையின் நிலை வேறு: பயிரிட்டுத் தயாரித்து விற்போரின் வருமானத்தில் 40 விழுக்காடு வரிக்குரியது. காப்பியைப் பயிரிட்டுப் பதப்படுத்தி விற்றால் 25 விழுக்காடும், ரப்பரில் 35 விழுக்காடும் வரிக்குரியவை. ஆகவே, ஒரே தோட்டத்தில் ஏலமும் காப்பியும் விளைந்தால் கணக்குகளைப் பிரித்துக் காட்டல் வேண்டும்.

பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையிலான குழு 1972இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, பிற வருமானத்துக்குரிய வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை வந்தது. விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. ஆதலால், 1991ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தின்கீழ் பழைய நிலுவை உள்ளதா என்பதையும் ஆராய வேண்டும்.

நகர எல்லையிலிருந்து சட்டம் குறித்த தொலைவுக்கு அப்பாலுள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஊரிலுள்ள வீட்டை விற்றால் உண்டு. அதன் அடக்க விலை, வாரிசுக்குக் கிடைத்த நாளின் மதிப்பன்று; மறைந்தவர் கொடுத்த விலையே. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாயின், அந்நாளின் சந்தை மதிப்பைக் கொள்ளலாம்.

கணக்காயரைத் தேர்ந்தெடுத்தல்

கணக்காயரை அமர்த்துவது கட்டாயமன்று. ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியும் மட்டும் உள்ள கணக்கை வாரிசுகளே முடிக்கலாம். பல பயிர், இரு மாநிலச் சொத்து, உயில், பழைய நிலுவை ஆகியவை இருப்பின் வல்லுநர் தேவை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பட்டயக் கணக்காயர் நிறுவனத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று உறுப்பினர் எண்ணைக் கொண்டு அறியலாம். தோட்டக் கணக்கில் அவருக்குள்ள பழக்கத்தையும் கேட்டறிதல் நன்று.

கிடைக்கும் வரித் திருப்பத்தில் இத்தனை விழுக்காடு எனக் கட்டணம் பேசுவது இத்தொழிலின் நெறிக்கு மாறானது. செய்ய வேண்டிய பணிகளையும் கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் வேண்டும். மூல ஆவணங்களை ஒப்படைத்தால் பட்டியலிட்டு ஒப்புதல் பெறுவது அவசியம்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மறைந்தவர் மற்றும் வாரிசின் பான் அட்டைகள், வங்கிக் கணக்கு விவரம், ஏலக்காய் விற்பனைச் சீட்டுகள், கூலிப் பதிவேடு, நிலவரி ரசீது ஆகியவை முதலில் தேவைப்படும். வருமான வரித் துறையின் மின் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்த பின்னரே கணக்கைத் தாக்கல் செய்ய இயலும். கிராம அலுவலகத்தில் போக்குவரவு செய்து நிலத்தின் பெயரை மாற்றுவது இதனினும் வேறான பணி. ஒன்று முடிந்ததால் மற்றதும் முடிந்ததாகாது.

கணக்காயர் தயாரித்தாலும் கையொப்பமிடுபவர் வாரிசே. கணக்கில் உள்ளவற்றுக்குப் பொறுப்பாளியும் அவரே. எனவே, படித்துப் புரிந்துகொண்ட பின்னரே ஒப்பமிடல் வேண்டும். வரியைத் தீர்த்த பின் பாகம் பிரித்துக்கொள்ளும் குடும்பத்தில், உழைத்துச் சேர்த்த தோட்டம் வழக்குக்கு இரையாகாமல் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.