ஆறு கம்பியும் ஏழு நண்பர்களும்

சென்னையில் ஹவுரா மெயில் ஏறினால் கொல்கத்தா போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நாம் கல்கத்தா என்று சொல்லிப் பழகிய அதே ஊர்தான். 2001ஆம் ஆண்டு பெயரைக் கொல்கத்தா என்று மாற்றினார்கள்.

அந்த நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது பாலிகஞ்ச். பக்கத்திலேயே ராஷ்பிகாரி அவென்யூ என்ற நீளமான சாலை ஓடுகிறது. அந்தச் சாலையில் உள்ள லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அந்தச் சந்தையில் கிடைக்கும்.

வங்காளிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் சேர்ந்தால் உட்கார்ந்து பேச ஆரம்பித்து விடுவார்கள். அரசியல், கால்பந்து, சினிமா, மீன் விலை, எதுவும் பாக்கி இருக்காது. இந்தப் பேச்சுக் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் 'அட்டா' என்று பெயர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு மாதிரி. பாலிகஞ்சில் மேடாக்ஸ் ஸ்கொயர் என்று ஒரு பூங்கா இருக்கிறது. துர்கா பூஜை நாட்களில் அங்கே இரவெல்லாம் அட்டா நடக்கும். இளைஞர்கள் புல்தரையில் வட்டமாக உட்காருவார்கள். வட்டத்தின் நடுவில் பெரும்பாலும் ஒரு கிட்டார் இருக்கும். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பாடுவார்கள்.

இவர்கள் யாரும் வித்வான்கள் இல்லை. ஒருவர் வங்கியில் வேலை செய்வார், ஒருவர் கல்லூரியில் படிப்பார், ஒருவர் வேலை தேடிக்கொண்டிருப்பார். பாடுவதில் பாதி சினிமாப் பாட்டு. மீதி அப்படி இல்லை. யாரோ ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட பாட்டு. இந்த வழக்கம் எப்படி வந்தது?

முதலில் கிட்டாரைப் பார்ப்போம். மரத்தால் செய்த கூடு, அதில் ஒரு வட்டத் துளை, நீண்ட கழுத்து, ஆறு கம்பிகள். வீணையில் மெட்டுகள் இருப்பது போல இதன் கழுத்திலும் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். (பாட்டின் மெட்டும், வீணையின் மெட்டும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது அழகுதான்.) இடது கை விரல்கள் கம்பியை அழுத்தும். வலது கை மீட்டும். முனையில் உள்ள ஆணியைத் திருகினால் கம்பி இறுகும், சுருதி ஏறும்.

வீணையில் பெரும்பாலும் ஒவ்வொரு சுரமாகத்தான் வாசிப்பார்கள். கிட்டாரில் மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்க வைக்கலாம். இப்படிச் சேர்ந்து வரும் ஒலிக்கு 'கார்ட்' என்று பெயர். ஜி, சி, டி என்று எழுத்துகளால் இவற்றைக் குறிப்பார்கள். இந்த மூன்றை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், எத்தனையோ பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்து விடலாம்.

மூன்றுதானே, எளிது என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும். கம்பி சரியாக அழுந்தாமல் 'டப்' என்று செத்த ஒலிதான் வரும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடாமல் பழகினால் விரலில் தோல் காய்த்துப் போகும். கதிர் அரிவாள் பிடித்த கை காய்ப்பது போலத்தான். அதன் பிறகு வலி தெரியாது.

வங்காளிகளின் வீடுகளுக்குள் கிட்டார் வேறு ஒரு வடிவத்தில்தான் முதலில் நுழைந்தது. மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் ஓர் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிட்டார் அது. ஹவாய்த் தீவுகளில் பிறந்த முறை. டாவ் மோ என்ற இசைக் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கிப் பலருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். பிறகு பல நடுத்தர வீடுகளில் இந்தக் கிட்டார் இருந்தது. ஆனால் அதில் வாசித்தது பிறர் பாட்டு. ரவீந்திரநாத் தாகூரின் பாட்டு, இல்லாவிட்டால் சினிமாப் பாட்டு.

சொந்தப் பாட்டு எழுதும் துணிச்சலுக்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆயிற்று. அந்தக் கதையில் ஏழு நண்பர்கள் வருகிறார்கள்.

1970களின் நடுவில், பாலிகஞ்சுக்குத் தெற்கே நாக்தலா என்ற பகுதியில், கௌதம் சட்டோபாத்யாய் என்பவர் வீட்டில் இவர்கள் கூடினார்கள். கௌதம் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு பார்க் தெருவில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். பிறகு நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறைக்குப் போனார். வெளியே வந்து சில காலம் வெளியூரில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் கிட்டாரைக் கையில் எடுத்தார். தம்பிகள் பிரதீப், விஸ்வநாத் இருவரும் சேர்ந்தார்கள். உறவினர் ரஞ்சன் கோஷால் வந்தார். தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஆபிரகாம் மஜும்தார் என்று நண்பர்களும் வந்தார்கள். ஆக ஏழு பேர்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் மின்வெட்டு அதிகம். மணிக்கணக்கில் இருட்டு. கிட்டாருக்கு மின்சாரம் தேவையில்லை. அது ஒரு வசதி.

இவர்கள் எதைப் பற்றிப் பாடினார்கள்? தங்கள் நகரத்தைப் பற்றி, வேலையில்லாத நாட்களைப் பற்றி, தனிமையைப் பற்றி. வங்காளக் கிராமங்களில் ஒற்றைக் கம்பி ஏக்தாராவோடு ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்கள் உண்டு. அவர்கள் பாணியைக் கிட்டாரோடும் மேல்நாட்டு இசையோடும் கலந்தார்கள்.

பெயர் வைப்பதில் பெரிய குழப்பம். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்றார்கள். ஒரு கட்டத்தில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்.ஸி. குழுவினர்' என்றுகூட வைத்தார்கள். பாட்டுக் குழுவுக்குப் பட்டம் போட்டது கொஞ்சம் அதிகம்தான்! கடைசியில் ரஞ்சன் சொன்ன பெயர் நிலைத்தது. 'மொஹீனேர் கோராகுலி'. மொஹீனின் குதிரைகள் என்று பொருள்.

இந்தப் பெயர் ஜீவனானந்த தாஸ் என்ற கவிஞரின் ஒரு கவிதையிலிருந்து வந்தது. இன்று வங்காளிகள் கொண்டாடும் கவிஞர் அவர். உயிரோடு இருந்தபோது வறுமையும் வேலையின்மையும்தான் அவரைத் தொடர்ந்தன. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, பாலிகஞ்சுக்குப் பக்கத்தில் அதே ராஷ்பிகாரி அவென்யூவில், தேசப்பிரியா பூங்கா அருகே அவர் மீது டிராம் வண்டி மோதியது. எட்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்து போனார். அவர் எழுதி வைத்திருந்த ஏராளமான கதைகளும் நாவல்களும் பெட்டிகளில் கிடந்தன. அவர் இறந்த பிறகுதான் அவை வெளியே வந்தன.

அவர் கவிதையில் பெயர் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். மூன்றிலும் சேர்த்து எட்டே பாட்டுகள். தாகூர் பாட்டும் சினிமாப் பாட்டும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இவை பிடிபடவில்லை. பெரிய வரவேற்பு இல்லை. 1981ஆம் ஆண்டு குழு கலைந்தது. ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போனார்கள். ரஞ்சன் பெங்களூர் போனார். விஸ்வநாத் அமெரிக்கா போனார்.

ஆனால் பாட்டு கலையவில்லை. கல்லூரி மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பாடிக்கொண்டார்கள். அட்டாக்களில் அந்தப் பாட்டுகள் சுற்றின. எழுதியவர் பெயர் தெரியாமலே பாடியவர்களும் உண்டு. நம் ஊர் நடவுப் பாட்டை முதலில் கட்டியது யார் என்று நமக்குத் தெரியுமா? அது போலத்தான்.

1992ஆம் ஆண்டு இன்னொரு மாற்றம் வந்தது. சுமன் சட்டோபாத்யாய் என்பவர் 'தொமாகே சாய்' என்ற ஒலிநாடாவை வெளியிட்டார். 'நீ வேண்டும்' என்று பொருள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வானொலியில் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். பின்னாளில் கபீர் சுமன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். பாட்டு அவருடையது, மெட்டு அவருடையது, குரலும் அவருடையது. மேடையில் தனி ஆளாகக் கிட்டாரோடு நிற்பார். தெருவையும் சாதாரண மனிதர்களையும் பற்றிப் பாடினார். இந்த முறை கேட்பதற்கு ஜனங்கள் தயாராக இருந்தார்கள். நகரமெங்கும் இளைஞர்கள் கிட்டார் வாங்கினார்கள்.

கௌதம் சும்மா இருக்கவில்லை. பழைய பாட்டுகளோடு புதிய பாட்டுகளையும் திரட்டினார். வயதில் மிக இளைய பாடகர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்தார். 1995ஆம் ஆண்டு கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் அந்த ஒலிநாடா வெளிவந்தது. 'மறுபடி இருபது வருஷத்துக்குப் பிறகு' என்று பொருள்படும் பெயர் வைத்தார். முன்பு யாரும் கேட்காத குழு இப்போது வீட்டுக்கு வீடு போயிற்று. அதைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கிடைத்தது நாலு வருஷம்தான். 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

நண்பர்கள் வாயில் பாட்டு உயிரோடு இருக்கும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. தாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் கட்டியவர். மெட்டு வந்ததும் அண்ணன் பேரனான தினேந்திரநாத்தைக் கூப்பிடுவாராம். அவர் உடனே கற்றுக்கொண்டு சுரக் குறிப்பு எழுதி வைப்பார். எழுதாவிட்டால் தாகூருக்கே மெட்டு மறந்து போகும். இன்னொரு பெரிய கவிஞரான காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942ஆம் ஆண்டு நோயில் விழுந்து பேச்சை இழந்தார். பிறகு தன் பாட்டின் மெட்டைத் தானே பாடிக் காட்ட முடியாத நிலை. அவருடைய மகன் காஜி அனிருத்தா கிட்டார் கலைஞர். அவர் உட்கார்ந்து அப்பாவின் பாட்டுகளுக்குச் சுரம் எழுதினார்.

இன்றைய கிட்டார் நண்பர்கள் இதை எளிய வழியில் செய்கிறார்கள். நோட்டில் பாட்டை எழுதுவார்கள். எந்தச் சொல்லில் விரல் மாற வேண்டுமோ, அந்தச் சொல்லுக்கு மேலே ஜி, சி, டி என்று எழுதுவார்கள். அவ்வளவுதான். மெட்டு முழுவதும் அதில் வராது. ஆனால் மெட்டை ஒருமுறை கேட்டவருக்கு அது போதும். இப்போது கைபேசியில் பாடிப் பதிவு செய்தும் அனுப்பிக்கொள்கிறார்கள். இருந்தாலும் நோட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எந்தச் சொல்லை அடித்து எந்தச் சொல்லைப் போட்டோம் என்பது அதில் தெரியும்.

சொல்லை அடிப்பது சின்ன வேலை இல்லை. ஒருவர் இரண்டு வரியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலான பஸ், சம்பளம் வராத மாதம், அதைப் பற்றிய வரி. நண்பர் கிட்டாரில் கார்ட் தேடுவார். வரி நீளமாக இருந்தால் தாளத்தில் உட்காராது. மூன்றாவது ஆள், "இந்தச் சொல் வாயில் சிக்குதே, வேற போடேன்" என்பார். எழுதியவருக்குக் கோபம் வரும். அரை மணி நேரம் கழித்து அவரே மாற்றுவார். குறையைச் சொல்லும்போது பாட்டைத்தான் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. இதைப் புரிந்துகொண்ட கூட்டத்தில்தான் கூச்சப்படும் ஆட்களும் வாயைத் திறக்கிறார்கள். குரல் நன்றாக இருப்பவரை மட்டும் பாட விடும் கூட்டம் சீக்கிரம் கச்சேரி ஆகிவிடும். மற்றவர்கள் கைதட்ட மட்டும் வருவார்கள்.

பணம் இதில் வருமா? பெரும்பாலோருக்கு வராது. கௌதம் குழுவின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் உலகம் சுருங்கிப் போவதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. 2006ஆம் ஆண்டு 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் அந்த மெட்டு வந்தது. வங்கதேசப் பாடகர் ஜேம்ஸ் பாடினார். இந்தியா முழுவதும் அதை முணுமுணுத்தது. அது நாக்தலாக்காரர்களின் மெட்டு என்று தெரிந்தவர்கள் குறைவு.

ஏழு பேரில் ஒருவரான தாபஸ் தாஸ் கடைசி வரை கிட்டாரை விடவில்லை. எல்லோரும் அவரை பாபி அண்ணா என்ற பொருளில் 'பாபிதா' என்றே கூப்பிட்டார்கள். அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு வழியில்லை என்ற செய்தி பரவியதும் இளம் இசைக் கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். பாட்டு நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினார்கள். மாநில அரசும் மருத்துவத்துக்கு உதவியது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார். பணம் திரட்டிய இளைஞர்களில் பலர், அந்தக் குழு கலைந்த 1981ஆம் ஆண்டில் பிறந்தே இருக்கவில்லை.