தூறலில் ஒரு வெந்நீர்ப் பயணம்

ஜெர்மனியின் எர்லாங்கனில் அக்டோபர் பிறந்துவிட்டால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். சென்னை மழைபோலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். படிக்க வந்த நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு வார இறுதி அறைக்குள்ளேயே கழிகிறது. வெந்நீர் ஊற்று என்றால் அவர்களுக்கு ஐஸ்லாந்துதான் நினைவுக்கு வரும், கூடவே விமானக் கட்டணமும். ஆனால் வடக்கே போகும் ரயிலில் ஏறினால், பாம்பெர்க் தாண்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் பாட் ஷ்டாஃபல்ஷ்டைன் வந்துவிடும். பவேரியா மாநிலத்திலேயே சூடு மிகுந்த உப்பு ஊற்று நீர் இந்தச் சிற்றூரில்தான் கிடைக்கிறது.

1975-ல் இங்கே துளையிட்டபோது 1,600 மீட்டர் ஆழத்தில் 52 டிகிரி நீர் கிடைத்தது. பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் சராசரியாக 3 டிகிரி வெப்பம் கூடும். 1,600 மீட்டருக்கு 48 டிகிரி. அதோடு மேல்தரையின் சராசரி வெப்பத்தைச் சேர்த்தால் ஊற்றின் சூடு ஏறத்தாழப் புரிந்துவிடும். இங்கே கணக்குப் போடுவதும் பொருத்தம்தான்: ஜெர்மானியர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆடம் ரீஸ் பிறந்த ஊர் இது. வடக்கு பவேரியாவில் சில பகுதிகளில் நிலத்தடி வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுதல். அந்த வெப்பத்தை ஆராய்கிறவர்களில் எர்லாங்கன் பல்கலைக்கழக நிலவியலாளர்களும் உண்டு.

இனி காசு விஷயம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த ஜெர்மனி மாதச் சீட்டு, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அது கையில் இருந்தால் இந்தப் பயணத்துக்குத் தனியாக ரயில் செலவே கிடையாது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: எர்லாங்கனில் நிற்கும் ஐசிஇ அதிவேக ரயிலில் அந்தச் சீட்டு செல்லாது, வட்டார ரயிலில்தான் ஏற வேண்டும். ஞாயிறன்று பல்பொருள் அங்காடிகள் திறக்காது. ரொட்டியோ பழமோ சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஓபர்மைன் தெர்மே என்ற குளியல் வளாகத்தின் நுழைவுக் கட்டணம்தான் அன்றைய பெரிய செலவு. துண்டும் செருப்பும் முதுகுப்பையிலேயே இருந்தால் வாடகை மிச்சம். குளங்களில் நீச்சலுடை கட்டாயம். சௌனா எனும் வெப்ப அறைகள் உள்ள பகுதியில் நேர்மாறு, அங்கே ஆணும் பெண்ணும் உடையின்றியே இருப்பார்கள். கூச்சமுள்ளவர்கள் குளங்களுக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். திறந்தவெளிக் குளத்தில் கழுத்துவரை வெந்நீர், தலையில் குளிர்ந்த தூறல். அந்தச் சுகத்துக்காகவே மழை நாளில் போகச் சொல்கிறேன். கையைக் காலை அசைக்காமலே உப்பு நீர் உடலைத் தூக்கி நிறுத்தும். கண்ணைக் கசக்கிவிட்டால் எரிச்சல் தாங்காது. இடையிடையே வெளியே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வேண்டும்.

கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் பக்கத்துப் பூங்காவுக்குப் போகலாம். அங்கே முட்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் சுவராக அடுக்கி, உச்சியிலிருந்து உப்புநீரைச் சொட்டவிடுகிறார்கள். கிளைகளில் வெண்பழுப்பாக உப்பு படிந்திருக்கும். அருகில் நின்று மூச்சிழுத்தால் மெரினாக் காற்றின் வாடை. உதட்டை நக்கினால் கரிக்கும். உறைபனிக் காலத்தில் இது ஓடாது. தூறல் விட்டால் பதினான்கு புனிதர்கள் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பால்தாசர் நொய்மான் வடிவமைத்த, 1743-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கோயில் அது.

திருகோணமலை கன்னியாவில் வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்கிறோம். இமாச்சலத்தின் மணிகரணில் ஊற்றில் குளித்துவிட்டு குருத்வாராவில் காசில்லாமல் சாப்பிடுகிறோம். அந்த எளிமை ஜெர்மனியில் கிடைக்காது. ஆனாலும் எர்லாங்கனில் இருந்துகொண்டு ஐஸ்லாந்துக்குக் காசு சேர்க்கும் பிள்ளைகள், அடுத்த மழை ஞாயிறன்று முதலில் இங்கே போய்வாருங்கள். அன்றிரவே அறைக்குத் திரும்பிவிடலாம். விடுதிச் செலவும் இல்லை.