பறக்கும் பையன், பார்க்கும் கேமரா

அதீத சக்தி பெற்ற பள்ளி மாணவனின் கதையை அவனது வீடியோ வழியாகவே சொன்ன ‘கிரானிக்கிள்’, சாகசப் படங்களில் தனி ரகம்

முதலில் தெரிவது ஒரு மூடிய கதவு. அதிலிருக்கும் கண்ணாடியில் பழைய வீடியோ கேமரா ஒன்றும் அதன் பின்னால் மெலிந்த பையன் ஒருவனும் தெரிகிறார்கள். வெளியே நின்று கதவை உலுக்குவது அவனுடைய அப்பா. பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அதற்குள் குடித்திருக்கிறார். கேமரா வாங்கியாயிற்று, இனி நடப்பது எல்லாவற்றையும் படம் பிடிக்கப்போவதாக உள்ளே இருந்தபடியே அறிவிக்கிறான் பையன். சண்டை போட முடியாதவன் சாட்சியை ஏற்பாடு செய்துகொள்கிறான்.

2012 பிப்ரவரியில் வெளியான ‘கிரானிக்கிள்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. 84 நிமிடப் படம். டைரக்டர் ஜோஷ் ட்ராங்குக்கு அப்போது வயது 27. இதுதான் முதல் படம். திரைக்கதை எழுதியவர் பிரபல டைரக்டர் ஜான் லாண்டிஸின் மகன் மாக்ஸ் லாண்டிஸ். கதை நடப்பது அமெரிக்காவின் சியாட்டில் நகரில். படப்பிடிப்போ பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் கனடாவின் வான்கூவரிலும். காரணம் சிக்கனம். மொத்தச் செலவு 1.5 கோடி டாலருக்குள் அடங்கியது. அதே ஆண்டு மே மாதம் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்துக்கு 22 கோடி டாலர் செலவானது.

பணம் குறைவாக இருந்தால் ஹாலிவுட் நாடும் வடிவம் ஒன்று உண்டு. யாரோ எடுத்து, பிறகு எங்கோ கிடைத்த வீடியோ என்ற பாவனையில் படம் எடுப்பது. ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்பார்கள். இத்தாலியில் 1980ல் வந்த ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ இதில் முன்னோடி. அதில் நடந்தவை நிஜக் கொலைகள் என்று நம்பப்பட்டு டைரக்டர் வழக்கைச் சந்தித்தார். நடிகர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. மாணவர்கள் மூவர் காட்டில் காணாமல் போகும் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999) உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 15,000 டாலரில் எடுத்து 2009ல் பரவலாக வெளியான ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’க்கு 19 கோடி டாலர் கிடைத்தது. இந்தியாவில் திபாகர் பானர்ஜி 2010ல் ‘லவ் செக்ஸ் அவுர் தோக்கா’ படத்தில் கைக் கேமரா, கடைக் கண்காணிப்பு கேமரா, ஒளித்துவைத்த கேமரா ஆகியவற்றால் மூன்று கதைகளைச் சொல்லி, பேயே இல்லாமல் பயமுறுத்தினார்.

பேய்க் கதைக்கு இந்த வடிவம் ரொம்பவே வசதி. பேயைக் காட்டத் தேவையில்லை. கேமரா ஆடினால் போதும், மீதியை ரசிகர்களின் பயம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆகாயத்தில் பறக்கும் பையனை அப்படி மறைத்து வைக்க முடியாது. பறந்தால் காட்டித்தான் ஆகவேண்டும். அதுவும், பார்ப்பவர்களுக்கு அது எவரோ சாதாரணமாக எடுத்த வீடியோ போலவே இருக்க வேண்டும். ட்ராங் கையிலெடுத்த சவால் இதுதான்.

கதை எளிமையானது. ஆண்ட்ரூ (டேன் டெஹான்) பள்ளியில் அடி வாங்குகிறவன். வீட்டிலும் அதே. அப்பா, காயம்பட்டு வேலை இழந்த தீயணைப்பு வீரர். அம்மா மரணப் படுக்கையில். ஒரு இரவு விருந்தில் ஆண்ட்ரூவும் அவனது உறவுக்காரப் பையன் மேட்டும் (அலெக்ஸ் ரஸல்), பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த ஸ்டீவும் (மைக்கேல் பி. ஜோர்டன்) தரையில் ஒரு பெரிய பள்ளத்தைக் கண்டு உள்ளே இறங்குகிறார்கள். அங்கே ஏதோ பளபளக்கிறது. மூக்கில் ரத்தம் வழிகிறது. கேமரா அணைந்து போகிறது. அடுத்த காட்சியில் மூவரும் பந்தைத் தொடாமலே காற்றில் நிறுத்தி விளையாடுகிறார்கள். பள்ளத்தில் இருந்தது என்ன என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. நல்ல முடிவு.

அடுத்த அரை மணி நேரம்தான் படத்தின் உயிர். சக்தி கிடைத்ததும் உலகைக் காப்பாற்றலாமா என்ற யோசனை இவர்களுக்கு வரவே இல்லை. 17 வயதுப் பையன்கள் வேறு என்ன செய்வார்கள்? விளையாட்டுக் கட்டைகளை மனத்தாலேயே அடுக்குகிறார்கள். கடையில் பொம்மைக் கரடியை மிதக்கவிட்டு ஒரு சிறுமியை மிரள வைக்கிறார்கள். நிறுத்தி வைத்த காரை நகர்த்திவிட்டு, அது எங்கே போயிற்று என்று சொந்தக்காரர் முழிப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். பிறகு மேகங்களுக்கு நடுவே பறந்தபடி பந்து எறிந்து விளையாடுகிறார்கள்; ஒரு விமானம் மயிரிழையில் உரசாமல் போகிறது. மூவரின் சிரிப்பிலும் நடிப்பு தெரியவில்லை. ஆண்ட்ரூவுக்கு முதல்முறையாக நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்பதை வசனம் இல்லாமலே படம் உணர்த்திவிடுகிறது.

திருப்பம் ஒரு மழை நாளில். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் வண்டியை ஆண்ட்ரூ கையசைப்பில் சாலையிலிருந்து தள்ளிவிட, அது தண்ணீரில் மூழ்குகிறது. ஓட்டியவரை மற்ற இருவரும் காப்பாற்றுகிறார்கள். உயிருள்ளவற்றின் மேல் பிரயோகிக்கக்கூடாது, கோபத்தில் பயன்படுத்தக்கூடாது, வெளியில் காட்டக்கூடாது என்று சட்டம் போடுகிறான் மேட். சட்டம் சரிதான். ஆனால் ஆண்ட்ரூ ஏன் இப்படி இருக்கிறான் என்று அவன் அப்போது கேட்டிருக்கலாம்.

கேமரா விஷயத்தில் ட்ராங் கண்டுபிடித்த உபாயம் ரசிக்கத்தக்கது. இந்த வகைப் படங்களில் எப்போதும் உறுத்தும் கேள்வி, ஓடி ஒளிகிற நேரத்திலும் ஏன் ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது. இங்கே யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரூ கேமராவையே மனத்தால் மிதக்க விடுகிறான். தோளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த காட்சி, அவன் தேர்ச்சி பெறப் பெற மேலே ஏறி, நிதானமாகி, பெரிய பட்ஜெட் படத்தின் நேர்த்தியை எட்டுகிறது. காட்சியின் அழகு கூடும் அளவுக்கு அவன் மனம் கெட்டுப்போகிறது. இறுதிச் சண்டையில், 605 அடி உயர ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்கு வந்தவர்களின் செல்போன்களையும் கேமராக்களையும் பறித்துத் தன்னைச் சுற்றி வட்டமாக மிதக்க விடுகிறான். உலகம் முழுவதும் தன்னையே பார்க்கட்டும் என்று.

குறைகளும் இருக்கின்றன. ஆண்ட்ரூ இல்லாத இடங்களைக் காட்டுவதற்காகவே, எப்போதும் வீடியோ எடுக்கும் ஒரு பெண் மேட்டின் தோழியாக நுழைக்கப்பட்டிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலையே இல்லை. போலீஸ் கேமரா, ஆஸ்பத்திரி கேமரா, ஹெலிகாப்டர் என்று கண்டபடி தாவும் காட்சிகளை யார் சேர்த்து ஒட்டினார்கள் என்பதற்கும் பதில் கிடையாது. சியாட்டில் நகரமே நொறுங்கும் கடைசிப் பகுதியில் கார்கள் பறப்பது வழக்கமான ஹாலிவுட் சமாச்சாரம்.

ஆனால் அதற்கு முந்தைய காட்சிகள் எளிதில் மறக்காது. அம்மாவின் மருந்துக்குப் பணமில்லை. கையசைத்தால் காரை நசுக்கக்கூடியவனுக்கு மருந்துக் கடை பில்லைக் கட்ட வழியில்லை. அப்பாவின் பழைய தீயணைப்பு உடையை மாட்டிக்கொண்டு திருடப் போகிறான். சாகச வீரர்களுக்கு உரிய முகமூடி ஆடையின் இடத்தில், அவனை அடித்தவரின் உடை. படத்தில் இதைவிடக் கொடுமையான காட்சி இல்லை. இதை யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை. டேன் டெஹான் முகத்தில் அழுகையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வருகின்றன.

இத்தனை அடியும் அவமானமும் பதிவாகியிருந்தும், ஆண்ட்ரூவின் வீடியோவை எந்த ஆசிரியரோ, டாக்டரோ, போலீஸ்காரரோ பார்த்ததாகப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை. பார்த்தவர்கள் தியேட்டரில் இருந்தவர்கள் மட்டுமே. அவர்களும் டிக்கெட் வாங்கி, பாப்கார்ன் கொறித்தபடி.

டிக்கெட்டுகள் நிறையவே விற்றன. மனித உருவில் செய்த ரேடியோ விமானங்களை நியூயார்க் வானில் பறக்கவிட்டு விளம்பரம் செய்தார்கள். முதல் வார இறுதியிலேயே 2.2 கோடி டாலருடன் அமெரிக்க வசூலில் முதலிடம். உலகளவில் மொத்தம் 12 கோடிக்கு மேல். ‘கேரி’ (1976), ஜப்பானின் ‘அகிரா’ (1988) ஆகியவற்றின் பாதிப்பை ட்ராங் மறைக்கவில்லை. இரண்டுமே, காயப்பட்ட இளம் மனத்தில் மிதமிஞ்சிய சக்தி வந்து சேரும் கதைகள்தான்.

வெற்றி ட்ராங்கைப் பெரிய படங்களுக்குக் கொண்டுபோனது. 2015ல் மைக்கேல் பி. ஜோர்டனும் நடித்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படம் படுதோல்வி. வெளியாகும் தறுவாயில் அது தான் எடுக்க நினைத்த படமல்ல என்று டைரக்டரே ட்விட்டரில் எழுதி, பிறகு நீக்கினார். பல மடங்கு பணம் கையில் இருந்தும் அந்தப் படத்தில் மருந்துக் கடைக் காட்சி போல எதுவும் அமையவில்லை. ‘கிரானிக்கிள்’ இரண்டாம் பாகம் பற்றிப் பேச்சு எழுந்து அடங்கிப் போனது.

2015 ஜனவரியில் வந்த ‘புராஜெக்ட் அல்மனாக்’ படத்தில் அதே வயதுப் பையன்கள், அதே கைக் கேமரா; ஆனால் இவர்களிடம் இருப்பது கால இயந்திரம். ஏழாவது பிறந்த நாளில் எடுத்த பழைய வீடியோவைப் போட்டுப் பார்க்கும் கதாநாயகன், அதில் இன்றைய வயதில் தான் நிற்பதைக் கண்டு திகைக்கிறான். நல்ல தொடக்கம். பிறகு லாட்டரி, பாட்டுக் கச்சேரி, காதல் என்று படம் அலைகிறது. இறந்துபோன அப்பாவைப் பற்றிய பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கனம் இருக்கிறது. வசூல் சுமார் 3.3 கோடி டாலர்.