கீ போர்டுக்குள் என்ன நிறம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் அளவு என எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். கீ போர்டு பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக் கொண்டு வந்துவிடுவோம். ஆனால் நாள் முழுவதும் நம் விரல்கள் தொட்டுக் கொண்டிருப்பது அதைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், விரல் மூட்டுகளில் வலி வரும் வரை.

வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் இரவில்தான் டைப் செய்வேன். பழைய கீ போர்டில் கீகளை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். "மெக்கானிகல் கீ போர்டு வாங்குங்கள், விரலுக்குச் சுகமாக இருக்கும்" என்றார் நண்பர். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் டி.வி.எஸ். கோல்டு கீ போர்டில் "டக் டக்" என்று தட்டிய நினைவு வந்தது. அதே சத்தம் தரும், வயர் இல்லாத, சிறிய கீ போர்டு ஒன்றைக் கடையில் வாங்கினேன்.

அன்று இரவு பதினோரு மணிக்கு டைப் செய்யத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் மேசை ஹாலில் இருக்கிறது. அதே ஹாலில்தான் அம்மா படுத்திருப்பார். இருதய சிகிச்சை முடிந்து வந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நன்றாகத் தூங்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. பத்து நிமிடத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "வெளியில மழை பெய்யுதாப்பா? கொடியில துணி கிடக்கே" என்றார். மழை இல்லை. என் கீ போர்டுதான்.

மறுநாள் கடைக்குப் போனேன். பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். தவறு என்னுடையதுதான். என்ன ஸ்விட்ச் என்று கேட்காமலே வாங்கியிருந்தேன். அதன் பிறகு தெரிந்து கொண்டவற்றை இங்கு தருகிறேன். நீங்களாவது முதல் முறையே சரியாக வாங்கலாம்.

மெக்கானிகல் என்றால் என்ன?

சாதாரண கீ போர்டில் எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். கீயை அழுத்தினால் அதில் உள்ள ரப்பர் குமிழ் அமுங்கி, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாள்களில் உள்ள மின்தடங்களை ஒன்று சேர்க்கும். ரப்பர் நாளடைவில் தளர்ந்துவிடும்.

மெக்கானிகல் கீ போர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, மின் தொடர்பை ஏற்படுத்தும் உலோகத் தகடு ஆகியவை இருக்கும். கீ மொத்தம் 4 மி.மீ. வரை கீழே இறங்கும். ஆனால் ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. விரலுக்குச் சுகம் என்பது இதனால்தான்.

நிறம் சொல்லும் செய்தி

இன்று கிடைக்கும் பெரும்பாலான ஸ்விட்ச்களுக்கு முன்மாதிரி, செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டு வந்த எம்.எக்ஸ். ஸ்விட்ச். அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பின் கேடரான், கைல், அவுடெமு எனப் பல சீன நிறுவனங்களும் இதே அமைப்பில் தயாரிக்கின்றன. ஸ்விட்ச் தண்டின் நிறத்தை வைத்தே வகையைச் சொல்வார்கள்.

சிவப்பு: லீனியர் வகை. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக் கொண்டு இறங்கும். செர்ரி சிவப்புக்கு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும். "கிளிக்" ஓசை கிடையாது.

பிரவுன்: டேக்டைல் வகை. பாதி வழியில் சிறிய மேடு ஒன்றைத் தாண்டுவது போல் விரலில் தெரியும். எழுத்து விழுந்துவிட்டது என்பதை விரலே அறிந்து கொள்ளும். அழுத்தம் ஏறத்தாழ 55 கிராம்.

நீலம்: கிளிக்கி வகை. மேடும் உண்டு, ஓசையும் உண்டு. அழுத்தம் ஏறத்தாழ 60 கிராம். இதன் தண்டு இரண்டு பாகங்களாக இருக்கும். ஒன்று மற்றொன்றின் மேல் மோதுவதால்தான் ஓசை எழுகிறது. எனவே எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் ஓசை வந்தே தீரும். நான் வாங்கியது இதுதான்!

இவை தவிர சைலன்ட் ஸ்விட்ச் என்று ஒரு வகை உண்டு. தண்டு மேலும் கீழும் மோதும் இடங்களில் மெத்தை போன்ற மென்மையான பகுதி வைத்திருப்பார்கள். சிவப்பு, பிரவுன் ஸ்விட்ச்களில் கூட அடிவரை குத்தினால் "தட் தட்" என்று கேட்கும். சைலன்டில் அதுவும் மிகவும் குறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. நிறப் பெயர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சட்டம் அல்ல. புதுப் புது நிறங்கள் வந்து கொண்டே இருக்கின்றன. எனவே நிறத்தோடு லீனியரா, டேக்டைலா, கிளிக்கியா என்றும் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து வகை ஸ்விட்ச்களை ஒரு சிறிய பலகையில் பொருத்தி "ஸ்விட்ச் டெஸ்டர்" என்று விற்கிறார்கள். நண்பர்களிடம் இருந்தால் வாங்கி அழுத்திப் பாருங்கள்.

எவ்வளவு சிறியது வேண்டும்?

முழு அளவு கீ போர்டில் 104 கீகள். வலப்பக்க எண் கீகளை நீக்கினால் 87. இதை டி.கே.எல். என்பார்கள். இன்னும் நெருக்கி அடுக்கினால் 84 கீகள். இது 75 சதவீத அளவு. மேல் வரிசை ஃபங்ஷன் கீகளையும் நீக்கி, அம்புக்குறிகளை வைத்துக் கொண்டால் 68 அல்லது அதை ஒட்டி வரும். இது 65 சதவீதம். அம்புக்குறிகளும் இல்லாதது 61 கீகள் கொண்ட 60 சதவீத அளவு. இல்லாத கீகளை எஃப்.என். கீயுடன் வேறொரு கீயைச் சேர்த்து அழுத்திப் பெற வேண்டும்.

சிறிய கீ போர்டில் இடம் மட்டும் மிச்சமல்ல. மவுஸ் உடலுக்கு அருகில் வருவதால் வலது தோளை விரித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு வேலை செய்பவர்கள் எண் கீகள் இல்லாமல் திண்டாடிப் போவார்கள். அவர்களுக்கு முழு அளவே நல்லது.

தமிழில் டைப் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ் 99 முறையில் ச, ஞ இரண்டும் அடைப்புக்குறி கீகளில் உள்ளன. ந அரைப்புள்ளி கீயிலும், ழ ஸ்லாஷ் கீயிலும் உள்ளன. சில 60 சதவீத கீ போர்டுகளில் ஸ்லாஷ் கீயே மேல் அம்புக்குறியாகவும் வேலை செய்யும். தவறான நிலையில் விட்டுவிட்டால் "தமிழ்" என்று டைப் செய்யும்போது ழ வராது. கர்சர் மேல் வரிக்குத் தாவும். எனவே தனி அம்புக்குறிகள் உள்ள 65 அல்லது 75 சதவீத அளவே புதியவர்களுக்கு ஏற்றது.

வயர் இல்லாமல் இணைக்க

இதில் இரண்டு வழிகள். ஒன்று புளூடூத். பல கீ போர்டுகளை மூன்று சாதனங்களுடன் பழக்கி வைத்து, கம்ப்யூட்டர், டேப்லட், மொபைல் என மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் டெஸ்க்டாப்பில் புளூடூத் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பலவற்றில் இருக்காது. இரண்டாவது, யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய ரிசீவர். இது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும். செருகினாலே வேலை செய்யும், வேகமும் அதிகம்.

புளூடூத்தில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன், பயாஸ் செட்டிங்ஸ் திரையில், பெரும்பாலும் அந்தக் கீ போர்டு வேலை செய்யாது. எனவே புளூடூத், ரிசீவர், கேபிள் ஆகிய மூன்று வழிகளிலும் இணையும் மாடலை வாங்குங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் கேபிளைச் செருகி வேலையைத் தொடரலாம். கீகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்குகள்தான் பேட்டரியை வேகமாகத் தின்பவை. அணைத்து வைத்தால் பல மடங்கு நாட்கள் தாங்கும்.

ஹாட் ஸ்வாப் கட்டாயம் கேளுங்கள்

என் முதல் கீ போர்டில் ஸ்விட்ச்கள் சால்டர் செய்யப்பட்டிருந்தன. மாற்ற முடியவில்லை. ஹாட் ஸ்வாப் வசதி உள்ள கீ போர்டில் ஸ்விட்ச்சைச் சிறிய இடுக்கியால் பிடுங்கி, வேறொன்றைச் செருகிக் கொள்ளலாம். ஒரு கீ மட்டும் பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம்.

இம்முறை 68 கீகளுடன், ஹாட் ஸ்வாப் வசதி கொண்ட கீ போர்டு ஒன்றைத் தேடி வாங்கினேன். அதனுடன் வந்தது சிவப்பு ஸ்விட்ச். ஓசை குறைவுதான். ஆனாலும் நள்ளிரவு அமைதியில் கேட்டது. எனவே சைலன்ட் லீனியர் ஸ்விட்ச்கள் தனியே வாங்கி, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து மாற்றினேன். முடித்துப் பார்த்தால் "க" வரவில்லை! கழற்றிப் பார்த்தேன். அவசரத்தில் செருகியதில் ஸ்விட்ச்சின் உலோகக் கால் ஒன்று மடங்கியிருந்தது. நிமிர்த்திச் செருகியதும் சரியாகிவிட்டது.

நீங்கள் மாற்றும்போது கீ போர்டை முதலில் ஆஃப் செய்திடுங்கள். கால்கள் நேராக உள்ளனவா என்று பார்த்து, நேராக அழுத்துங்கள். ஸ்விட்ச்களில் 3 கால், 5 கால் என இருவகை உண்டு. உங்கள் கீ போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். ஆப்டிகல் ஸ்விட்ச்சும், லோ புரொஃபைல் ஸ்விட்ச்சும் சாதாரண எம்.எக்ஸ். இடத்தில் பொருந்தாது.

வாங்கும் முன்

1. யாருக்கு அருகில், எந்த நேரத்தில் டைப் செய்வீர்கள்? இரவு, குழந்தைகள், நோயாளிகள் என்றால் கிளிக்கி வகை வேண்டாம்.

2. எண் கீகள் தேவையா?

3. தனி அம்புக்குறிகள் உண்டா?

4. மூன்று வழிகளிலும் இணையுமா?

5. ஹாட் ஸ்வாப் உண்டா?

6. திரும்ப எடுத்துக் கொள்வார்களா? பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

கீ போர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணி அல்லது மேட் விரித்தால் ஓசை இன்னும் குறையும். மெக்கானிகல் கீ போர்டுகள் உயரமானவை என்பதால் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு தாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய நீல ஸ்விட்ச் கீ போர்டு வீணாகவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். வாகனச் சத்தத்துக்கு நடுவே அவருக்கு அந்த "டக் டக்" மிகவும் பிடித்துப் போய்விட்டது.

ஸ்விட்ச் மாற்றிய அன்று இரவு இரண்டு மணி வரை டைப் செய்தேன். அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை. காலையில் காபி கொடுத்தபோது, "ராத்திரி வேலை செய்யலையாப்பா?" என்று கேட்டார்.

பதினெட்டுப் பக்கம் முடித்திருந்தேன்.