மரத்தின் கணக்கு 44 மாதம்... உங்கள் நோட்டில் இருக்கிறதா?

குலசேகரன்பட்டினம் என்றதும் முத்தாரம்மன் கோயில் தசராவும், வரப்போகும் ராக்கெட் ஏவுதளமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். உள்ளூர் விவசாயிகளின் பேச்சு வேறு. தேரி மணல், பனை, தென்னை, முருங்கை, கிணற்றில் ஏறும் உப்பு என்றுதான் போகும். டீக்கடையில் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தில் முட்டி நிற்கும். “போன வறட்சியிலதான் கிணறு உப்பாச்சு” என்பார் ஒருவர். “இல்ல அண்ணாச்சி, அது அதுக்கு முந்துன வருசம்லா” என்பார் மற்றவர். தீர்த்துச் சொல்ல யாரிடமும் எழுத்து இருக்காது.

எந்த வருஷமாக இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. தென்னை வைத்திருப்பவருக்கு அந்த வருஷம் முக்கியம்.

தாமதமாகப் பேசும் தென்னை

குருத்துக்குள் பாளை உருவாகத் தொடங்குவதிலிருந்து அந்தக் குலை நெற்றாகும் வரை சுமார் 44 மாதங்கள் ஆகும். பாளை வெடித்த பிறகான 12 மாதங்கள்தான் கண்ணுக்குத் தெரிபவை. மற்றதெல்லாம் மரத்துக்குள்ளேயே நடக்கிறது. அதனால் கடும் கோடையில் பட்ட அடி அந்தக் கோடையோடு போவதில்லை. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் காய்ப்பில் தெரியும். அதற்குள் கோடை மறந்துபோயிருக்கும். கடைசியாகப் போட்ட உரத்தின் மீது பழி விழும், தேவையில்லாத மருந்துக்குப் பணம் போகும். மழைக் கணக்கும் பறிப்புக் கணக்கும் நான்கு வருஷத்துக்கு ஒரே நோட்டில் இருந்தால், காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பக்கத்து ஊர் மழை, உங்கள் மழை அல்ல

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே இவ்வளவு வித்தியாசம். தன் நிலத்தில் பெய்ததை அறிய, தானே அளப்பதுதான் வழி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் அளந்து கொட்டிவிடலாம். ஒரு மி.மீ. மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்.

எழுதி வைத்தவர்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, வியாபாரம் நடந்தது, யார் யாரிடம் என்ன பேசினார் என்று 1761-ல் இறக்கும் காலம் வரை தமிழில் எழுதினார். அன்றைய அந்தக் குறிப்புகள் இன்று வரலாற்று ஆதாரம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாளை அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதி வைத்தார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட அந்தக் குறிப்புகளிலிருந்துதான், இப்போது பூப்பு முந்தி வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். உடன்குடிப் பக்கத்தில் பனையில் முதல் பாளை சீவிய தேதியை வருஷாவருஷம் எழுதினால், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

என்ன எழுதுவது?

* தினமும்: தேதி, மழை, செய்த வேலை, ஆள் கூலி, செலவு. இரண்டு வரி போதும்.
* பறிப்பின்போது: காய் எண்ணிக்கை, விலை, வாங்கியவர். பனை என்றால் பதநீர் அளவு, கருப்பட்டி எடை.
* மாதம் ஒருமுறை: கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்த அளவு.
* வருஷம் இருமுறை: கோடையிலும், பருவமழை முடிந்த பிறகும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பைக் காட்டும் இ.சி. எண். கடலோரத்தில் இந்த எண் ஏறுகிறதா என்பதுதான், அடுத்து எந்தப் பயிர் வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்.
* உரம், மருந்து: பெயர், அளவு, போட்ட இடம். பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும்.

இயற்கை விவசாயச் சான்றுக்குப் போகிறவர்களுக்கு இந்த நோட்டு கட்டாயம். நிரந்தரப் பயிர்களுக்கு மாற்றுக் காலம் 3 வருஷம். அந்த மூன்று வருஷமும் ரசாயனம் போடவில்லை என்பதை ஆய்வாளரிடம் வாயால் மட்டும் நிரூபிக்க முடியாது.

எழுத நேரமில்லை என்பவர்கள், சாயங்காலம் சொல்லச் சொல்லப் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். விட்டுப்போன நாட்களை யூகித்து நிரப்பக் கூடாது. காலியாக விட்டாலே நல்லது. தவறான எண் பின்னால் தவறான முடிவுக்கு இழுத்துவிடும். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான பரணில் வையுங்கள். மாதக் கடைசியில் பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் முதலில் நனைவது காகிதம்தான் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நோட்டையும் டப்பாவையும் தயார் செய்துவிட்டால், முதல் மழையே முதல் கணக்காகிவிடும்.